பனை உச்சியில் பாசிப்பொடி

நண்டுவலசையில் அறிவாளிகளே இல்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. அது சரியான தகவல் அல்ல. நண்டுவலசையில் நான்கு அறிவாளிகள் இருந்தார்கள். இதை அந்த நான்கு பேரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

களஞ்சியம் எழுத்துக்கூட்டி வாசிப்பான். அதனால் அவன் தலைவன். சீனிராசு எதற்கும் மறுப்புச் சொல்வான். கோட்டைச்சாமி ஒல்லி, சொன்ன வேலையைச் செய்வான். நான்காவது ஆள் நம்புவேல். அவனைப் பற்றித்தான் கதை. அவன் எடை நூற்றுப்பத்துக் கிலோ.

நான்கு பேருக்கும் தொழில் கடல்பாசி. மூங்கில் மிதவையில் பாசி கட்டி வளர்ப்பார்கள். விளைந்ததும் அறுத்து வந்து, கரையில் பழைய வலையை விரித்து அதன்மேல் காயப் போடுவார்கள். உச்சிப் பொழுதில் ஒரு தடவை திருப்பிப் போடுவார்கள். இரண்டு வெயில் காய்ந்த பிறகு ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். நொறுங்கினால் காய்ந்துவிட்டது. நொறுங்காவிட்டால் இன்னொரு வெயில்.

மிதவைக்குப் போக நால்வருக்கும் சேர்த்து ஒரு பாய்மரப் படகு இருந்தது. காற்று பலமாக அடித்துப் படகு ஒரு பக்கம் சாய்ந்தால், எதிர்ப் பக்கம் நீட்டியிருக்கும் பலகையில் நம்புவேல் போய் உட்காருவான். படகு உடனே நிமிர்ந்துவிடும். சில நாள் நிமிர்ந்து அந்தப் பக்கம் சாய்ந்ததும் உண்டு.

நம்புவேலுக்கு அரியமுனையில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் சேதுராக்கு. அவளும் பாசி எடுப்பவள்தான். இருவருக்கும் பார்த்தவுடன் பிடித்துப்போனது. ஆனால் அரியமுனையில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணின் அப்பாவுடைய வத்தையில், அதாவது அந்தச் சின்னப் படகில், பெண்ணை உட்காரவைத்து மாப்பிள்ளை துடுப்புப் போட வேண்டும். கரைக்கு எதிரே இருக்கும் மணல் திட்டை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். வந்தால்தான் தாலி.

நிச்சயத்தன்று நம்புவேல் ஒத்திகை பார்க்க அந்த வத்தையில் ஒரு காலை வைத்தான். தண்ணீர் விளிம்புக்கு வந்தது. இன்னொரு காலையும் வைத்தான். தண்ணீர் உள்ளே வந்தது.

பெண்ணின் அப்பா பூமிநாதன் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எம் பொண்ணுக்கு ஏத்த மாப்பிள்ளைதான்," என்றார். "வத்தைக்குத்தான் ஏத்த மாப்பிள்ளை இல்ல."

"பெரிய வத்தையா வாங்கிருவோமே மாமா," என்றான் களஞ்சியம்.

"எங்க அப்பா செஞ்ச வத்தை இது. நான் எம் பொண்டாட்டிய வச்சுச் சுத்துனது இதுலதான். ஆவணியில கல்யாணம். அதுக்குள்ள இளைச்சு வந்தா பொண்ணு உங்களுக்கு. இல்லாட்டி வேற இடம் பாத்துருவேன்."

சேதுராக்கு தண்ணீரில் பாதி முங்கிக் கிடந்த வத்தையைப் பார்த்தாள். "வத்தை முங்குனா என்னப்பா, கீழதான் தரை இருக்கே," என்றாள். அவள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

ஊர் திரும்பும்போது நம்புவேல் பலகையில் உட்கார்ந்து அழுதான். அந்தக் கண்ணீராலும் எடை குறையுமா என்று சீனிராசு கேட்டான். கண்ணீர் சட்டையில்தான் விழுகிறது, சட்டை அவன்மேல்தான் இருக்கிறது, ஆகவே குறையாது என்று களஞ்சியம் விளக்கினான்.

அடுத்த வாரம் பாசி வாங்கும் முகவர் வண்டியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். கடல்பாசிப் பொடி. உடல் எடை குறைய என்று மேலே எழுதியிருந்தது.

"உங்க பாசி மாதிரிப் பாசியிலதான் செய்றாக," என்றார். "பட்டணத்துல வாங்கிச் சாப்பிடுறாக. நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். யோசிச்சு முடிவு பண்ணுங்க." சொல்லிவிட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

யோசிக்கச் சொல்லிவிட்டதால் நால்வரும் வேலைக்குப் போகாமல் யோசிக்க உட்கார்ந்தார்கள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் களஞ்சியம். "பத்துக் கிலோ பச்சைப் பாசி காஞ்சா ஒரு கிலோ ஆகுதா இல்லையா? இளைக்கிறது பாசியோட குணம். அந்தக் குணத்தைப் பொடிச்சு டப்பாவுல அடைச்சிருக்காக."

சீனிராசு ஒப்புக்கொள்ளவில்லை. "ஓரா மீன் நாள் பூரா நம்ம பாசியத்தான் திங்குது. இளைச்ச ஓராவ எவனாச்சும் பாத்திருக்கீங்களா?"

"அது பச்சையாத் திங்குது. பொடியாத் திங்கல."

"அப்பப் பொடியாக் குடுத்துப் பாப்போம்."

இது நியாயமாகப் பட்டது. ஒரு வாளியில் கடல் தண்ணீர் பிடித்து, நல்ல கொழுத்த ஓரா மீன் ஒன்றை விட்டார்கள். சின்ன மீன் என்பதால் பொடி குறைவாகப் போட வேண்டும் என்று கோட்டைச்சாமி சொன்னான். வாளி பெரியது என்பதால் கூடுதலாகப் போட வேண்டும் என்று சீனிராசு சொன்னான். இரண்டு பேர் சொன்னதையும் போட்டார்கள்.

மாலையில் பார்த்தால் வாளித் தண்ணீர் கூழாக இறுகிவிட்டிருந்தது. நடுவில் ஓரா நின்றது. கண் மட்டும் அசைந்தது.

"இளைச்சிருக்கா?" என்றான் நம்புவேல் ஆசையோடு.

"இளைக்கல. ஆனா அடங்கிருச்சு," என்றான் களஞ்சியம்.

அன்று தண்ணீரோடு சேர்த்துக் கத்தியால் வெட்டியெடுத்துக் குழம்பு வைத்தார்கள். மீன் ஓடாமல் நிற்கும் என்பதைப் பொடியின் முதல் நன்மையாக எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் முறையாக விசாரணை நடந்தது. களஞ்சியம் மணலில் ஒரு கோடு கிழித்தான். நன்மை ஒன்று சொன்னால் கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு சங்கு, தீமை சொன்னால் இடப்பக்கம் ஒரு சங்கு. கடற்கரையில் சங்குக்குப் பஞ்சமில்லை. கோட்டைச்சாமி ஒரு கூடை பொறுக்கி வந்தான்.

"இளைச்சாக் கல்யாணம் நடக்கும்," என்றான் நம்புவேல். வலப்பக்கம் ஒரு சங்கு.

"கல்யாணம் நடந்தா அரியமுனைக்குப் போயிருவான்," என்றான் சீனிராசு. இடப்பக்கம் ஒரு சங்கு.

"சட்டைத் துணி மிச்சம்."

"பழைய சட்டையெல்லாம் வீண்."

"பொடி நம்ம பாசி. நம்மகிட்டயே இருக்கு."

"நாம வித்த பாசிய நாமளே திரும்ப வாங்குனா ஊரு என்ன சொல்லும்?"

கோட்டைச்சாமி வெகுநேரம் யோசித்துவிட்டு, "இவன் இளைச்சுட்டா படகுல பலகைக்கு யாரு?" என்றான்.

அது பெரிய தீமை. அதற்கு ஒரு பெரிய சங்கு வைத்தார்கள்.

எண்ணிப் பார்த்தபோது தீமைப் பக்கம் ஒரு சங்கு கூடுதலாக இருந்தது. நம்புவேலின் முகம் வாடிவிட்டது. களஞ்சியம் தீர்ப்புச் சொல்ல எழுந்தான். அந்தச் சமயம் இடப்பக்கம் இருந்த அந்தப் பெரிய சங்கு மெல்ல அசைந்தது. அதற்குள் குடியிருந்த நண்டு கால்களை நீட்டி, சங்கைத் தூக்கிக்கொண்டு, கோட்டைத் தாண்டி நன்மைப் பக்கம் போய் நின்றது.

நால்வரும் அதைப் பார்த்தார்கள்.

"தீமையே மனசு மாறிருச்சு," என்றான் களஞ்சியம். "இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

சீனிராசு கூட மறுக்கவில்லை. பலகைப் பிரச்சினைக்கும் அங்கேயே வழி கண்டார்கள். நம்புவேல் எத்தனை கிலோ இளைக்கிறானோ அத்தனை கிலோ மணலைச் சாக்கில் கட்டிப் பலகையில் வைத்துவிட வேண்டியது. நம்புவேலும் இளைப்பான், படகுக்கும் நம்புவேல் குறையமாட்டான்.

தொடங்குவதற்கு முன் எடை பார்த்தார்கள். பாசி மூட்டை நிறுக்கும் தராசில் அவனைச் சாக்கில் உட்காரவைத்துத் தொங்கவிட்டார்கள். பாசி நிறுத்தால் ஈரத்துக்கும் மண்ணுக்கும் என்று நூற்றுக்குப் பத்துக் கழிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். முகவர் எப்போதும் கழிப்பார். வழக்கத்தை விடக்கூடாது என்று களஞ்சியமும் கழித்தான்.

"தொண்ணூத்தொம்பது," என்றான்.

"டப்பாவத் திறக்கவே இல்ல, அதுக்குள்ள பதினொரு கிலோ போச்சா?" என்று சீனிராசு வாயைப் பிளந்தான்.

"வீரியமான சரக்கு," என்றான் களஞ்சியம். பதினொரு கிலோ மணல் அன்றைக்கே சாக்கில் ஏறியது.

பிறகு டப்பாவில் எழுதியிருந்ததைக் களஞ்சியம் வாசித்தான். காலையும் மாலையும் வெந்நீரில் ஒரு கரண்டி. அதில் சிக்கல் இல்லை. அதற்குக் கீழே, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று இருந்தது.

"பரண்ல வைப்போம்," என்றான் நம்புவேல்.

"எம் மகன் பரண்லதான் விளையாடுறான்," என்றான் சீனிராசு.

"கூரையில?"

"ஒருத்தன் தோள்ல ஒருத்தன் ஏறுனா எட்டிரும்."

ஊரில் எத்தனை குழந்தைகள் இருக்கின்றன, எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறினால் எவ்வளவு உயரம் வரும் என்று யோசித்தார்கள். கரையில் இருந்த ஒற்றைப் பனைதான் அதைவிட உயரமாகத் தெரிந்தது. கோட்டைச்சாமி டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி, மட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தான்.

அன்று முதல் கோட்டைச்சாமிக்கு அது ஒரு வேலையானது. காலையில் ஏறி டப்பாவை இறக்குவான். நம்புவேல் ஒரு கரண்டி குடிப்பான். கோட்டைச்சாமி மறுபடி ஏறி டப்பாவை வைத்துவிட்டு இறங்குவான். மாலையிலும் அதே மாதிரி. நம்புவேல் குடித்துவிட்டு, பொடி வேலை செய்யட்டும் என்று பனை நிழலில் படுத்துக்கொள்வான். எழுந்ததும், பொடி வேலை செய்த களைப்புக்கு நன்றாகச் சாப்பிடுவான்.

ஒரு மாதம் கழித்துத் தராசில் தொங்கவிட்டார்கள். நம்புவேல் இரண்டு கிலோ கூடியிருந்தான். கோட்டைச்சாமியைப் பார்த்தால் காற்றில் ஆடுகிற மாதிரி இருந்தான். ஏறும்போது கைலி நழுவி, பாதி மரத்தில் அதைப் பிடிப்பதா மரத்தைப் பிடிப்பதா என்று அவன் தவித்ததை ஊரே பார்த்திருந்தது.

"பொடி மாறி வேலை செய்யுது," என்றான் சீனிராசு. "குடிக்கிறவன விட்டுட்டு எடுத்துக் குடுக்கிறவனப் பிடிக்குது."

களஞ்சியம் தாடையைச் சொறிந்தான். "இது ஒரு தீமை. ஆனா திருப்பிப் போட்டா நன்மை."

"பாசியத் திருப்பிப் போடுற மாதிரியா?"

"அதே மாதிரிதான். இனிமே நம்புவேல் எடுத்துக் குடுக்கட்டும். கோட்டைச்சாமி குடிக்கட்டும்."

கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. நம்புவேல் பனையைக் கட்டிப்பிடித்தான். முதல் நாள் இரு கால்களும் தரையிலேயே இருந்தன. கோட்டைச்சாமி கீழே வெந்நீர் டம்ளரோடு நின்றான். நம்புவேல் மூச்சிரைக்க மரத்தோடு மல்லுக்கட்டினான். வெந்நீர் ஆறியது. மாலையிலும் அப்படியே. ஒரு வாரத்தில் இடுப்பு உயரம் ஏறினான். அதன்பிறகு சறுக்கினான். மறுபடி ஏறினான். நெஞ்சில் சிராய்ப்பு, தொடையில் சிராய்ப்பு. சேதுராக்குவின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏறுவான். சறுக்கும்போது பூமிநாதன் பெயரைச் சொல்வான்.

"பொடி எங்க?" என்று தினமும் கேட்பான் கோட்டைச்சாமி.

"வந்துக்கிட்டே இருக்கு," என்பான் நம்புவேல் மேலிருந்து.

கோட்டைச்சாமி வெறும் வெந்நீரைக் குடித்துவிட்டு, நிழலில் படுத்து, எழுந்து நன்றாகச் சாப்பிட்டான். அவன் கன்னத்தில் சதை போட்டது. நம்புவேல் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. வாரம் ஒரு முறை நிறுத்தார்கள். வாரம் ஒரு முறை மணல் கட்டினார்கள். பலகையில் சாக்குகள் கூடிக்கொண்டே போயின.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் நம்புவேல் உச்சியை எட்டிவிட்டான். டப்பாவோடு இறங்கி வந்தான். களஞ்சியம் மூடியைத் திறந்து பார்த்தான். ஆள் மாற்றிய அன்று எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் அப்படியே இருந்தது.

"அடேங்கப்பா," என்றான். "ஆளைத்தான் குறைக்குது. தான் குறையவே இல்ல."

இன்னொரு கவலை மட்டும் பாக்கி இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் சீனிராசு. "காஞ்ச பாசியத் தண்ணில போட்டா என்ன ஆகும்?"

"பழையபடி உப்பிரும்," என்றான் கோட்டைச்சாமி.

மூன்று பேரும் நம்புவேலைப் பார்த்தார்கள். நல்லவேளையாக மழை இல்லை. அவனை உடனே தார்ப்பாயில் சுற்றினார்கள். கல்யாணக் குளியல் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குடிக்கிற தண்ணீரைக் கூட, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

மறுநாள் காலை படகில் அரியமுனைக்கு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டிக்கு மேல் தார்ப்பாய் போர்த்தி, குடையும் பிடித்திருந்தான். பூமிநாதன் குடையை விலக்கிப் பார்த்தார். தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை.

"நம்புவேலு எங்கப்பா?"

"நாந்தான் மாமா."

பூமிநாதன் கண் கலங்கிவிட்டார். "வத்தையத் தள்ளுங்கடா," என்று ஆட்களிடம் சொன்னார்.

சேதுராக்கு பட்டுச்சேலையோடு வத்தையில் ஏறி உட்கார்ந்தாள். நம்புவேலின் கால் நனையாதபடி நண்பர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய் வத்தையில் வைத்தார்கள். வத்தை மிதந்தது. தண்ணீர் விளிம்புக்குக் கீழே ஒரு சாண் நின்றது. கரையில் குலவை போட்டார்கள். நம்புவேல் துடுப்பைக் கையில் எடுத்தான்.

"கொஞ்சம் பொறு மாப்ள," என்றான் களஞ்சியம்.

மூன்று பேரும் ஓடிப்போய்த் தங்கள் படகிலிருந்து மணல் சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார்கள்.

"என்னடா இது?" என்றார் பூமிநாதன்.

"மாப்பிள்ளையோட மிச்சம் மாமா," என்றான் களஞ்சியம். "நீங்க நிச்சயம் பண்ணுனது முழு மாப்பிள்ளைய. பாதிய நாங்க வச்சுக்கிட்டு மீதியக் குடுத்தா நல்லாவா இருக்கு? ஒரு பிடி மண்ணு குறையாது. பாத்துக்கங்க."

"டேய், டேய்..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சாக்குகள் வத்தையில் இறங்கின. முதல் நாள் ஈரத்துக்கும் மண்ணுக்கும் கழித்த பதினொரு கிலோவும் அதில் இருந்தது. ஆகவே கணக்குப்படி பழைய நம்புவேலைவிட இந்த நம்புவேல் பதினொரு கிலோ அதிகம். வத்தை அவசரப்படாமல் கீழே போனது. தரையில் உட்கார்ந்தது. அங்கே முழங்கால் ஆழம்தான். சாக்குகளில் இரண்டு வாய் அவிழ்ந்து, மணல் வத்தைக்குள் குவிந்தது. மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நம்புவேல் துடுப்பை விடவில்லை.

கரையில் குலவை நின்றுவிட்டது.

"சுத்தி வந்தாத்தான் தாலி," என்றார் பூமிநாதன். "இது எங்க ஊரு வழக்கம். நான் என்ன செய்வேன்?"

நம்புவேல் எதிரே இருந்த மணல் திட்டைப் பார்த்தான். பிறகு சேதுராக்குவைப் பார்த்தான்.

சேதுராக்கு சேலையைப் பிழிந்துகொண்டே எழுந்து நின்றாள். வத்தையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். தண்ணீருக்கு மேல் மணல் மேடாகத் தெரிந்தது.

"அப்பா, அந்தத் திட்டு எதால ஆனது?"

"மணலால."

"சுத்தித் தண்ணியா?"

"ஆமா."

"இதுவும் மணல்தான். சுத்தித் தண்ணிதான். இதையே சுத்திட்டு வந்துர்றோம். அதுக்குள்ள சோறு ஆறிராது."

பூமிநாதன் திட்டைப் பார்த்தார், வத்தையைப் பார்த்தார், பந்தலில் மூடி வைத்திருந்த சோற்றுப் பானையைப் பார்த்தார். வேறுபாடு ஒன்றும் அவருக்கும் பிடிபடவில்லை. தலையாட்டிவிட்டார்.

நம்புவேல் துடுப்பைத் தண்ணீரில் போட்டபடியே முன்னால் நடந்தான். சேதுராக்கு பின்னால் நடந்தாள். முங்கிய வத்தையைச் சுற்றி வந்து கரையேறினார்கள். மறுபடி குலவை எழுந்தது. யாரோ தாலித் தட்டை எடுத்து நீட்டினார்கள்.

"நிறுத்துங்க," என்று சீனிராசு கத்தினான். "மாப்பிள்ளை நனைஞ்சுட்டான்."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. நம்புவேலின் இடுப்பு முதல் கால் வரை தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேட்டி உப்பிக் காற்றில் பலூன் மாதிரி நின்றது.

"உப்ப ஆரம்பிச்சுட்டான்," என்றான் கோட்டைச்சாமி.

ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. கரையில் பாசி காய்ந்துகொண்டிருந்த வலைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாசியை ஒதுக்கி, நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து அவனைப் பரப்பிப் போட்டார்கள். கையைத் தனியாக, காலைத் தனியாக விரித்துவிட்டார்கள். முகூர்த்தம் தப்பிவிடக் கூடாது என்பதால் சேதுராக்கு பக்கத்தில் வந்து உட்கார்ந்து குனிந்தாள். நம்புவேல் படுத்தபடியே தாலியைக் கட்டினான். மூன்று முடிச்சும் சரியாக விழுந்தன.

விருந்தாளிகள் பந்திக்குப் போனார்கள். உச்சிப் பொழுதில் சேதுராக்கு சொன்னபடி அவனைத் திருப்பிப் போட்டார்கள். மாலையில் வெயில் தாழ்ந்ததும், களஞ்சியம் குடையோடு வந்து, மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டான்.

சேதுராக்கு புருஷனின் கையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, பாசியைப் பார்ப்பது மாதிரி ஒரு பிடி அழுத்தி நசுக்கிப் பார்த்தாள். நம்புவேல் "ஆ" என்றான்.

"ம்கூம். இன்னும் நொறுங்கல," என்றாள். "நாளைக்கும் ஒரு வெயில் கிடக்கட்டும்."